கச்சான் காற்றுக்குள் மூட்டிய நெருப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜூன் 23 மாலை எங்கள் மட்டக்களப்புக் கடற்கரையில் நடந்த ‘நடுக்கோடை வழிபாடு’ பற்றிச் சென்ற வாரம் தங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர் காரமாக எழுதியிருந்தார். அது பேய் வழிபாடாம். சிலுவையையும் வேப்பிலையையும் ஒரே மேசையில் வைத்தவர்களைத் திருச்சபை கண்டிக்க வேண்டுமாம். அவர் அன்றைக்கு அங்கே வரவில்லை என்பது அவருடைய கடிதத்திலேயே தெரிகிறது. நான் போயிருந்தேன். முழங்கால் வருத்தக்காரி என்பதால் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையும் தந்தார்கள். எனக்கும் அந்த வழிபாட்டில் குறை உண்டு. ஆனால் அது அவர் சொன்ன குறை அல்ல.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பது வருடத்துக்கு மேல் இந்தக் கரையோரத்தில் மருத்துவமாதாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். ‘மிஸியம்மா’ என்றால்தான் இங்கே ஆட்களுக்குத் தெரியும். அப்பா பரம்பரைக் கத்தோலிக்கர். அம்மா அவரைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் பெற்றவர். அம்மம்மா பெறவில்லை. வைகாசியில் செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறந்தால், அம்மனைக் குளிர்விக்கும் கடைசிச் சடங்கான குளிர்த்தி முடியும் மட்டும் வீட்டில் மச்சம் சமைக்க அவ விடமாட்டா. ஞாயிற்றுக்கிழமை என் தலையை இழுத்துப் பின்னிப் பூசைக்கு அனுப்பிவிட்டதும் அவதான். இரண்டும் எங்கள் வீட்டில் சண்டை பிடித்ததாக எனக்கு ஞாபகமில்லை. மீன் கறி இல்லை என்று அப்பா மட்டும் முணுமுணுப்பார்.

சரி, அன்றைக்கு நடந்தது இதுதான். நாற்பது பேர் வரை இருக்கும். கத்தோலிக்கர், சைவர், வேடிக்கை பார்க்க வந்து பிறகு இருந்துவிட்ட இரண்டு முஸ்லிம் பெண்கள், பக்கத்து வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த கடற்றொழிலாளர்கள். நடத்தியது இளம் பிள்ளைகளின் ஒரு சிறு குழு. பெயர் எழுத மாட்டேன், நல்ல பிள்ளைகள். அடம்பன் கொடியை வளைத்து, பூவோடு எல்லோருக்கும் தலைமாலை கட்டியிருந்தார்கள். நான்கு திசையும் பார்த்து நின்று செபித்தார்கள். மண், தண்ணீர், காற்று, நெருப்பு ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார்கள். ‘சூரியனே, சந்திரனே, அவரைத் துதியுங்கள்’ என்று வரும் 148ஆம் சங்கீதத்தை வாசித்தார்கள். அசிசி நகர் பிரான்சிஸ் கண் பார்வை மங்கிய காலத்தில் கட்டிய பாட்டில், சூரியனை அண்ணன் என்றும் தண்ணீரைத் தங்கை என்றும் கூப்பிடுவாரே, அதையும் ஒரு பிள்ளை அழகாகப் படித்தது. பாப்பரசர் பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல் தொடங்குவதே அந்தப் பாட்டின் அடியோடுதான். இதில் பேய் எங்கே வந்தது?

கடிதக்காரர் திருச்சபையைக் கூப்பிட்டபடியால் ஒன்று சொல்கிறேன். மற்றச் சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக இருக்கும் எதையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே எழுதிவைத்துவிட்டது. இந்து சமயத்தின் பெயரும் அந்த ஏட்டில் இருக்கிறது.

பிறகு, ‘ஜூன் 24க்கும் கிறிஸ்தவத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்றும் கேட்டிருந்தார். அது யேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஸ்நாபக அருளப்பர் பிறந்த நாள். இப்போது திருமுழுக்கு யோவான் என்கிறோம், எனக்கு வாயில் வருவது பழைய பெயர்தான். பிறந்த நாளுக்கென்று எங்கள் திருச்சபை விழா எடுப்பது மூன்று பேருக்கு மட்டும்: யேசுவுக்கு, மாதாவுக்கு, இவருக்கு. திகதி எப்படி வந்தது என்பதை நான் கிளினிக் கணக்கில் சொல்வேன். மாதாவுக்குத் தூதர் சொன்ன மங்கள வார்த்தைத் திருநாள் மார்ச் 25. அன்றைக்கு அருளப்பரின் தாய் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம் என்று லூக்கா எழுதுகிறார். இன்னும் மூன்று மாதம் கூட்டினால் ஜூன் கடைசி. அதிலிருந்து ஆறு மாதம் தள்ளி நத்தார். வயிற்றில் பிள்ளை துள்ளியது என்றும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. ஆறு மாதத்தில் துள்ளாவிட்டால்தான் நாங்கள் பயப்படுவோம்.

ஐரோப்பாவில் அந்தக் கிழமைதான் ஆண்டிலேயே நீண்ட பகல். அதற்குப் பிறகு பகல் சுருங்கத் தொடங்கும். ‘அவர் பெருகவும் நான் சிறுகவும் வேண்டும்’ என்று யேசுவைக் குறித்து அருளப்பர் சொன்னதையும் பகல் சுருங்குவதையும் புனித அகுஸ்தீனாரே சேர்த்துப் பிரசங்கம் செய்திருக்கிறார். அங்கே முதல்நாள் இரவு நெருப்பு மூட்டுவார்கள். மகளைப் பார்க்க நோர்வே போனபோது நானே பார்த்தேன். ஒஸ்லோவில் அந்த நாட்களில் பகல் ஏறக்குறைய 19 மணித்தியாலம். இரவு பத்தரைக்குக்கூட வெளிச்சம். கடலோரத்தில் விறகைக் கோபுரமாக அடுக்கிக் கொளுத்துகிறார்கள். ‘சங்க்ட் ஹான்ஸ்’ என்கிறார்கள். ஹான்ஸ் என்றால் யோகான்னஸ், அதாவது எங்கள் அருளப்பர்தான். டிசம்பரில் ஆறு மணித்தியாலப் பகல்கூட இல்லாத சனம் சூரியனைக் கண்டு குதிப்பதில் நியாயம் இருக்கிறது. நானும் ஜம்பரைப் போட்டுக்கொண்டு அந்த நெருப்புக்குக் கிட்டப் போய்க் கை காய்ச்சினேன்.

இங்கே? மட்டக்களப்பில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்கூட வராது. சூரியன் நேர் உச்சிக்கு வருவதும் ஜூனில் அல்ல. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை, செப்டம்பர் தொடக்கத்தில் இன்னொருமுறை. ஜூனில் எங்களுக்கு இருப்பது கச்சான். மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வெறும் சூடாக இறங்கி வரும் காற்று. பகல் முழுக்க மண்ணை வாரி முகத்தில் அடிக்கும். கிணறு இறங்கும். சிறுபோகத் தண்ணீருக்கு வாய்க்காலில் சண்டை நடக்கும். இந்தக் கிழமையில் போய் எங்கள் பிள்ளைகள் கடற்கரையில் நெருப்பு மூட்டினார்கள்.

நடத்தியவர்கள் எங்கிருந்தோ எடுத்த ஒழுங்கை அப்படியே மொழிபெயர்த்திருந்தார்கள் என்பது கையில் தந்த தாளிலேயே தெரிந்தது. ‘கடலில் மறையும் சூரியனை நோக்கி அனைவரும் நிற்கவும்’ என்று இருந்தது. எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது, ஐயா. சூரியன் மறைவது எங்கள் முதுகுக்குப் பின்னால், தென்னைக்கும் வாவிக்கும் அப்பால். நாற்பது பேரும் கடலைப் பார்ப்பதா சூரியனைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடைசியில் எல்லோரும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினோம். வாடியில் இருந்தவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

சிரிப்போடு போயிருந்தால் நான் பேனை எடுத்திருக்க மாட்டேன். நெருப்பு நன்றாகப் பிடித்ததும் காற்று ஒருமுறை சுழற்றியது. பொறி பறந்து வாடியின் கிடுகுக் கூரையில் விழுந்தது. காய்ந்த கிடுகு பிடிக்க எவ்வளவு நேரம்? பெடியன்கள் மண்ணை அள்ளி எறிந்தார்கள். கடைசிச் சடங்குக்கென்று ஒரு குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வைத்திருந்தார்கள். ஒரு பெரியவர் அந்தக் குடத்தைத் தூக்கிப்போய்க் கூரையில் ஊற்றினார். ஊற்றிவிட்டு, “இந்தா, குளிர்த்தி முடிஞ்சுது. எல்லாரும் வீட்ட போங்க” என்றார். யாருக்கும் காயமில்லை. கூரையில் ஒரு மூலை போனது.

அந்தக் குடம்தான் எனக்கு மற்றக் குறை. தாளில் அந்தச் சடங்குக்குப் பெயர் ‘குளிர்த்தி’ என்றே போட்டிருந்தது. குளிர்த்தி என்பது சும்மா தண்ணீர் தெளிப்பதா? மதுரையை எரித்துவிட்டு வந்த அம்மன். ஆண்டுக்கு ஒருமுறை கதவு திறந்து, கல்யாணக்கால் நட்டு, கண்ணகி கதைப் பாட்டான வழக்குரை படித்து, கடைசியில் குளிர்த்திப் பாட்டோடு அவளுடைய கோபத்தை ஆற்றுவார்கள். அந்தத் தண்ணீர் மேலே பட்டால்தான் அம்மம்மாவுக்கு வருடம் நல்லபடி பிறந்த மாதிரி. தம்பிலுவில், காரைதீவு, களுவாஞ்சிகுடி, மகிழூர் என்று ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனி முறை உண்டு. கோயில் பூசகரான கட்டாடியார் நோன்பிருந்து செய்யும் வேலை. சின்னமுத்து என்ற அம்மை நோய்க் காலத்தில் நான் ஊசிப் பெட்டியோடு போகும் வீடுகளில் படலையில் வேப்பிலை கட்டியிருக்கும். ஒரு நாளும் அதைக் கழற்றச் சொன்னதில்லை, செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன். ஊசியும் போட்டேன்.

அந்தப் பெயரை எடுக்கும் முன் கோயில்காரரிடம் கேட்டீர்களா என்று வழிபாடு முடிந்ததும் ஒரு பிள்ளையிடம் விசாரித்தேன். “இல்ல அன்ரி, எல்லாம் ஒண்டுதானே” என்றது. ஒன்றுதான் மகள். ஆனால் பக்கத்து வீட்டு அம்மியை எடுக்க வேண்டுமென்றாலும் ஒரு குரல் கேட்டுவிட்டுத்தானே எடுப்போம்? எங்கள் மாதா சுருவத்தை யாராவது கேளாமல் தூக்கிப்போய்த் தங்கள் விழாவில் வைத்தால் நான் சும்மா இருப்பேனா? கலந்ததில் எனக்கு வருத்தமில்லை. நானே கலந்து பிறந்தவள். கேளாமல் எடுத்ததில்தான். 601இல் பாப்பரசர் கிரகோரியார் இங்கிலாந்துக்குப் போன குருமாருக்கு, பழைய கோயில்களை இடிக்காதீர்கள், தீர்த்தம் தெளித்து அங்கேயே வழிபாடு நடத்துங்கள் என்று கடிதம் எழுதினார். நல்ல யோசனை என்று மறைக்கல்வியில் படித்தபோது நினைத்தேன். அந்தக் கோயில்காரரை யாராவது கேட்டார்களா என்று இந்த வயதில்தான் யோசனை வருகிறது.

ஆனால் நெருப்பில்லாமலும் இந்தத் திருநாளைக் கொண்டாடலாம் என்பதற்கு கோவா இருக்கிறது. ஜூன் 24 அங்கே மழைக்காலம். சனம் தலையில் பூமாலை வைத்துக்கொண்டு, மேளதாளத்தோடு வீடு வீடாகப் போய்க் கிணற்றில் குதிக்கிறது. எலிசபெத்தின் வயிற்றில் அருளப்பர் துள்ளியதுபோல நாங்களும் துள்ளுகிறோம் என்பார்களாம். போர்த்துக்கல்லில் நெருப்போடு இருந்த விழா அங்கே தண்ணீர் விழாவாகிவிட்டது. அருளப்பர் ஆற்றில் நின்றவர்தானே, அடுப்பில் அல்ல. கிணற்றில் குதிக்க நான் சொல்லவில்லை, எங்கள் கிணறுகளில் ஜூனில் குதித்தால் கால்தான் முறியும்.

அடுத்த வருடமும் வைப்பதாக அந்தப் பிள்ளைகள் சொல்கிறார்கள். வையுங்கள், நான் வருவேன். நாள் ஜூன் 24 ஆகவே இருக்கட்டும். முதல்நாள் மாலையை விட்டு அன்றைய விடியற்காலைக்கு மாற்றுங்கள். ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் சூரியன் கடலிலிருந்தே எழும்பும், யாரும் திரும்பி நிற்கத் தேவையில்லை, காற்றும் அப்போது அடங்கியிருக்கும். நெருப்பு வேண்டாம், ஒரு குத்துவிளக்குப் போதும். தண்ணீர் வையுங்கள். வேப்பிலையும் மஞ்சளும் வைக்க ஆசையென்றால், வைகாசியில் கதவு திறக்கும்போதே வெற்றிலை பாக்கோடு போய்க் கட்டாடியாரைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். வாருங்கள், நாங்கள் பாடுகிறோம் என்றால் இன்னும் நல்லது. அன்றைக்கு வந்த இரண்டு முஸ்லிம் பெண்களில் ஒருவர் என்னிடம் பிரசவக் கிளினிக்குக்கு வந்த பிள்ளை. வெயில் கடுமையான வருடங்களில் தங்கள் ஆட்கள் திடலில் கூடி மழைத்தொழுகை தொழுவதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அவரையும் கேளுங்கள், வந்து இருப்பாரா, எதில் சேருவார், எதில் சேரமாட்டார் என்று.

சென்ற வாரக் கடிதக்காரரும் வரட்டும். கதிரை எடுத்து வைக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் ஒரு வேலை இருக்கிறது. வாடிக்காரருக்குக் கிடுகு மாற்றிக் கொடுப்பதாக அன்றிரவு எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தீர்கள். நேற்றுக் காலை அந்த வழியால் போனேன். அந்த மூலையில் இன்னும் நீலத் தறப்பாள்தான் கட்டியிருக்கிறது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மருத்துவமாது ஒருவர்,
களுவாஞ்சிகுடி.