ஸ்டெப்னி பற்றி அப்பாவுக்கு

காம்லூப்ஸ்,
ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது தேவலையா? அம்மாயி மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார்களா? இங்கே நாங்கள் மூவரும் சுகம்.

வேன் படங்களை அனுப்பியதும் எல்லோரும் படுக்கை எங்கே, அடுப்பு எங்கே என்றுதான் கேட்டார்கள். நீங்கள் மட்டும் "ஸ்டெப்னி எப்படி இருக்கு?" என்றீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் வண்டி. 1987 மாடல் ஃபோக்ஸ்வாகன் வனகன். ஐரோப்பாவில் இதே வண்டிக்கு டி3 என்று பெயர். ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா கம்பெனி உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, மடிக்கிற படுக்கை எல்லாம் வைத்து, கூரையைத் தூக்கினால் மேலே இன்னொரு படுக்கை வருகிற மாதிரி செய்து கொடுத்தது. எஞ்சின் பின்னால், படுக்கைக்கு அடியில். 2.1 லிட்டர்தான், மலை ஏறும்போது லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாகப் போக வேண்டும். இங்கே மர அறுவை ஆலையில் என்னோடு வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு எலெக்ட்ரீஷியனிடம் மே மாதம் வாங்கினேன். ஆறு வருடமாக ஷெட்டில் நின்ற வண்டி.

ஊரைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். வடக்கு தாம்சன், தெற்கு தாம்சன் என்று இரண்டு ஆறு கூடுகிற இடம் இது, நம் பவானி கூடுதுறை மாதிரி. காம்லூப்ஸ் என்ற பெயருக்கே ஆறுகள் கூடும் இடம் என்றுதான் பொருள்; இங்கே காலங்காலமாக இருக்கும் செக்வெப்பெம் மக்களின் சொல்லிலிருந்து வந்தது. கனடா என்றாலே பனி என்று அம்மா நினைக்கிறார்கள். கோடையில் இங்கே புல் காய்ந்து மலையெல்லாம் பழுப்பாகக் கிடக்கும். வெயில் சில நாள் 40 டிகிரியைத் தொடும். டயருக்கு அதுவும் ஒரு சோதனை.

இனி ஸ்டெப்னி. இந்த வண்டியில் அது முன்பக்கம், பம்பருக்கு அடியில், ஒரு இரும்புத் தட்டில் படுத்திருக்கிறது. ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினால் தட்டு கீல் போட்ட கதவு மாதிரி கீழே இறங்கும். 19 எம்எம் ஸ்பேனர். அந்த போல்ட் எனக்கு இரண்டு நாள் வேலை வைத்தது. குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுகிறார்கள் அல்லவா, அது அடியில் தெறித்துத் துருப்பிடித்து, போல்ட் தலையே செதில் செதிலாக உரிந்திருந்தது. முதல் நாள் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட்டுவிட்டேன். மறுநாள் சாயங்காலம் மறுபடி அடித்து, ஸ்பேனருக்கு பைப் போட்டு, நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒரேயடியாக இழுக்காமல் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப முடுக்கி, மறுபடி கழற்றி வந்தேன். "கிரீச்" என்று ஒரு சத்தம், அப்புறம் இளகியது. தட்டுக்கு அடியில் முன்கூட்டியே ஜாக்கி வைத்திருந்தேன். இல்லாவிட்டால் இருபது கிலோ சக்கரமும் தட்டும் என் மேலேயே இறங்கியிருக்கும்.

உள்ளே ஒரு கைப்பிடி பைன் ஊசி இலை, மண், சரளை. டயரைத் துடைத்துப் பார்த்தால், அப்பா, நீங்கள் பார்த்திருந்தால் புது டயர் என்றுதான் சொல்லியிருப்பீர்கள். தரையில் படுகிற ரப்பர் கட்டைகள், அதாவது பட்டன், தேயவே இல்லை. அச்சில் வரும் ரப்பர் ரோமம்கூட உதிராமல் இருந்தது. தரையையே பார்க்காத டயர். பக்கவாட்டில் தேதிக் குறியைத் தேடினேன். 2000-க்குப் பிறகு செய்த டயர் என்றால் அந்தக் குறி நாலு இலக்கத்தில் முடியும்; முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். இதில் மூன்றே இலக்கம், 407, பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம். அதாவது 1997-ம் வருடம் 40-வது வாரம். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்து டயர். கட்டைவிரலால் பக்கச் சுவரை அழுத்தினேன், கோடை ஏரித்தரை மாதிரி வெடிப்பு விரிந்தது.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். லாரி டயர் தேய்ந்து சாகிறது. ஓடி ஓடி, ரீட்ரேட் போட்டு, மறுபடி ஓடி மொட்டையாகிறது. இந்த மாதிரி வண்டியின் டயர் நின்ற இடத்திலேயே வயதாகிச் சாகிறது. வருடத்தில் பத்து மாதம் ஒரே இடத்தில் பாரத்தோடு நிற்கும். வெயிலும் குளிரும் மாறி மாறி ரப்பரைக் கெட்டியாக்கும். பட்டனை மட்டும் பார்த்து டயரை எடைபோட்டால் ஏமாந்துவிடுவோம். ஓடிய நாலு டயரும் பட்டன் பாதி இருந்தன, ஆனால் வயது பதினொன்று. ஐந்தையும் மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

கடையில் நாலு போதும், ஸ்பேருக்கு எதற்கு என்றார்கள். இங்கே ஸ்டெப்னி என்றால் யாருக்கும் புரிவதில்லை. அந்தச் சொல் வேல்ஸ் நாட்டிலிருந்து வந்தது, தெரியுமா அப்பா? லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் 1904-ல் அவசரச் சக்கரம் ஒன்றைச் செய்தார்கள், தெருப் பெயரே சக்கரத்துக்கு வந்துவிட்டது. நாமக்கல் லாரிப் பேட்டையில் நீங்கள் நாற்பது வருடம் சொன்ன சொல் அது.

ஐந்து வேண்டும் என்று சொன்ன பிறகு அதைவிடப் பெரிய பேச்சு பாரத்தைப் பற்றி வந்தது. அந்தக் கடையில் முதலில் காட்டியது கார் டயர். அளவு கிட்டத்தட்ட ஒன்று, விலையும் குறைவு. பக்கவாட்டில் 91 என்று இருந்தது. அது பாரக் குறியீடு. 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும். டயர் வாங்குவதற்கு முன்பே நான் வண்டியைச் சரளைக்கல் கிடங்கின் எடைமேடையில் நிறுத்திப் பார்த்திருந்தேன். தண்ணீர், கேஸ், பாத்திரம், நாங்கள் மூன்று பேர், எல்லாம் சேர்த்து 2290 கிலோ. பின் சக்கரங்களை மட்டும் ஏற்றியபோது 1240. எஞ்சின் பின்னால் இருப்பதால் அப்படி. இரண்டு 615 எவ்வளவு? 1230. புறப்படும்போதே ஓவர்லோட்.

நான் கேட்டது 185 ஆர் 14 சி, அதாவது 185 எம்எம் அகலம், 14 அங்குல ரிம். கடைசியில் வருகிற அந்த "சி" கமர்ஷியல் வண்டிக்கான டயர் என்பதற்கான அடையாளம். பாரக் குறியீடு 102/100. தனிச் சக்கரமாக ஓடினால் 850 கிலோ, உங்கள் லாரி மாதிரி இரட்டைச் சக்கரமாக ஓடினால் 800. பக்கச் சுவர் கெட்டி. உயரமான வேனுக்கு அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் எதிரே பெரிய லாரி கடக்கும்போது காற்று அடித்து வண்டியை ஆட்டும், சுவர் மெத்தென்ற டயர் அந்த ஆட்டத்தை இன்னும் கூட்டும். கடையில் ஸ்டாக் இல்லை. 14 அங்குலத்தில் இந்த ரகம் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. வரவழைக்கச் சொல்லி ஒன்பது நாள் காத்திருந்து கொரிய டயர் ஐந்து வாங்கினேன். ஐந்திலும் தேதிக் குறியைக் குனிந்து பார்த்த பிறகுதான் ரிம்மில் ஏற்றவிட்டேன்.

இந்த வண்டி வைத்திருக்கும் பலர் பென்ஸ் காரின் 15, 16 அங்குல ரிம் போட்டுக்கொள்கிறார்கள். அதிலும் ஐந்து போல்ட், அதே 112 எம்எம் வட்டம்தான், நேராக உட்காரும். பிரேக்குக்கும் இடம் கிடைக்கும், டயரும் எளிதாகக் கிடைக்கும். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அவர்கள் போடுகிற 27 அங்குல உயர டயர் அடித் தட்டில் நுழையாது. ஸ்டெப்னியைப் பின்கதவில் தனியாகத் தாங்கி வைத்துத் தொங்கவிட வேண்டும், அல்லது உள்ளே படுக்கையில் கிடத்த வேண்டும். பின்னால் ஏற்கெனவே பாரம் அதிகம். அதனால் வண்டி பிறந்த அளவிலேயே இருந்துவிட்டேன்.

தட்டைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு தடுக்கும் பெயின்ட் இரண்டு கை அடித்து, கீலுக்கும் போல்ட்டுக்கும் நிறைய கிரீஸ் வைத்தேன். புது ஸ்டெப்னியைப் படுக்க வைக்கும்போது வால்வு கைக்கு எட்டும்படி திருப்பி, ஒரு சின்ன நீட்டிப்புக் குழாயும் மாட்டினேன். இப்போது தட்டை இறக்காமலே காற்று பார்க்கலாம். பின் சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட 48 பவுண்டு (பிஎஸ்ஐ), முன்னுக்கு 40 வைக்கிறேன். ஸ்டெப்னியில் பின் சக்கர அளவு அடித்து வைத்திருக்கிறேன். முன்னால் போட வேண்டி வந்தால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம், ஏற்றுவதற்குத்தான் காட்டில் வழி இருக்காது.

சக்கர போல்ட்டுக்கு 180 நியூட்டன் மீட்டர். உங்கள் கணக்கில், ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் பதினெட்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடத் தொங்கவிட்ட மாதிரி. குறுக்கே குறுக்கே முடுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்தேன்.

சரி, இப்போது அம்மாவிடம் சொல்ல வேண்டாத விஷயம். ஜூலையில் வெல்ஸ் கிரே காட்டுக்குப் போனோம். 141 மீட்டர் உயர ஹெல்ம்கென் அருவி அங்கேதான். அருவியைத் தாண்டி ஏரிக்குப் போகிற கடைசிப் பகுதி சரளை ரோடு, போனுக்கு சிக்னல் கிடையாது. ஏரிக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது பின்பக்கம் இடதுபுறம் கனத்த மாதிரி இருந்தது. இறங்கிப் பார்த்தால் விரல் நீள இரும்புத் துண்டு பட்டன் நடுவில் ஏறியிருக்கிறது, புஸ் என்று காற்று.

சமமான இடமாகப் பார்த்து மெல்ல ஓரங்கட்டினேன். குட்டி அம்மிணியைத் தூரத்தில் பாறை மேல் அவள் அம்மாவோடு உட்கார வைத்துவிட்டு, கைப்பிரேக் போட்டு, எதிர்ப்பக்க முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தேன். சரளையில் ஜாக்கி புதையும் என்று தெரிந்துதான் இரண்டு அங்குலப் பலகை எடுத்துப் போயிருந்தேன். போல்ட்டை எல்லாம் தரையிலேயே அரைச் சுற்று இளக்கிவிட்டு ஏற்றினேன். அப்புறம் முன்னால் வந்து தட்டைத் திறந்தேன். கிரீஸ் போட்ட போல்ட் ஒரு கையில் சுழன்று வந்தது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது அப்பா. மே மாதம் அது இருந்த நிலையில் வந்திருந்தால், அந்தக் காட்டில் அந்தி நேரத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்திருப்பேன்?

முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. கொசுதான் பிய்த்துத் தின்றது. ஐந்தும் ஒரே டயர் என்பதால் மெதுவாகப் போக வேண்டுமே என்ற கவலையும் இல்லை. ஏரிக்கரையில் தங்கி, மறுநாள் கிளியர்வாட்டர் ஊரில் கழற்றிய டயருக்கு உள்ளிருந்து ஒட்டுப் போட்டுக்கொண்டோம். துளை பட்டன் நடுவில் இருந்ததால் ஒட்டுப் போட முடிந்தது.

அக்டோபர் 1 முதல் இங்கே மலைச் சாலைகளில் பனி டயர் கட்டாயம். டயரில் பனிப்பூ முத்திரை அல்லது எம் பிளஸ் எஸ் (சேறு, பனி) முத்திரை வேண்டும், பட்டன் 3.5 எம்எம் குறையக்கூடாது. அதற்குள் இந்த வண்டியைக் கூரைக்கு அடியில் நிறுத்திவிடுவேன். குளிர்காலத்துக்குக் கார் இருக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் சுற்றில் மாற்றி ஓட்டலாமா, அல்லது ஒட்டுப் போட்ட டயரையே ஸ்டெப்னியாக வைத்துவிடலாமா? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உங்கள் வண்டியில் ஒட்டுப் போட்டதை முன்னால் போடவே மாட்டீர்கள், அது ஞாபகம் இருக்கிறது; ஸ்டெப்னிக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான் ஞாபகம் வரவில்லை. ஞாயிறு காலை உங்கள் நேரம் எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். தம்பியிடம் சொல்லி போனை சார்ஜ் போட்டு வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்