செயலாளரின் ஆண்டறிக்கை, 2022–23

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்களும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தேறின. விவரம் பதிவேட்டில் உள்ளது. இவ்வறிக்கையின் பெரும்பகுதியை, கொரோனாக் காலத்தை நம் மூத்த உறுப்பினர்களே படமாக்கிய முயற்சிக்கு ஒதுக்கியுள்ளேன்.

இளைஞர்கள் கேமராவுடன் வந்து நம்மைப் படமெடுப்பது என்றுதான் முதலில் பேச்சு எழுந்தது. அப்படி எடுத்தால் சுருக்கம் விழுந்த கையும் ஜன்னல் கம்பியைப் பிடித்த முகமுமே மிஞ்சும் என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதை அனைவரும் ஏற்றனர். 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடமே கேமராவைக் கொடுத்து, எடுத்த படத்தைப் பற்றி அவர்களையே பேசவும் வைத்த கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோரின் முறையை நூலகப் பொறுப்பாளர் எடுத்துரைத்தார். அதன்படி பதினான்கு உறுப்பினர்கள், தங்கள் கைபேசியிலோ பேரப்பிள்ளைகளிடம் இரவல் வாங்கியோ எடுத்தனர்.

முடிந்துபோன காலத்தை எப்படிப் படமெடுப்பது என்ற ஐயத்துக்கு வீடுகளே விடை வைத்திருந்தன. கபசுரக் குடிநீர் காய்ச்சி அடி கறுத்த பாத்திரம் ஒரு படம். ரயில் பயணச்சீட்டுகள் இரண்டு, சலுகையுடன் ஒன்றும் முழுக் கட்டணத்தில் ஒன்றும், அருகருகே இன்னொரு படம். மூத்த குடிமக்களில் ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 விழுக்காடாக இருந்து 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்ட அந்தச் சலுகை இன்றளவும் திரும்பவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

2020 மே 4 அன்று பக்தர்கள் இன்றி நடந்த மீனாட்சி திருக்கல்யாணத்தை, மதுரையில் பலரையும் போலத் தொலைக்காட்சியில் பார்த்தபடி வீட்டிலேயே தாலிக்கயிறு மாற்றிக்கொண்ட உறுப்பினர் ஒருவர், அந்தப் பழைய பெட்டியையும் அதன் எதிரே விரித்த பாயையும் மட்டும் எடுத்திருந்தார். அன்று கயிற்றை எடுத்துக் கொடுக்கக் கணவரைத் தவிர வேறு எவரும் இல்லை என்றும், அடுத்த திருக்கல்யாணத்துக்கு அவரும் இல்லை என்றும் சொல்லி நிறுத்திக்கொண்டார். நாங்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நோயைவிட, நம் நன்மைக்கென்று பிறர் எடுத்த முடிவுகளே படங்களில் மிகுதி என்பது என் கருத்து. 65 வயதைக் கடந்தோர் வீட்டிலேயே இருக்குமாறு அரசு அறிவுறுத்தியது தேவையானதே. ஆனால் ஊரடங்கு தளர்ந்த பின்னும் பல வீடுகளில் அது தளரவில்லை. தந்தை வெளியே இறங்கிவிடக் கூடாதென்று மகன் பரணில் ஏற்றிவைத்த செருப்பை ஒருவர் எடுத்திருந்தார். அச்சகத்தில் ஓரங்களை வெட்டியபோது பரண் தப்பியது, செருப்பு போயிற்று. மறுபடி அச்சிட நேர்ந்ததால் செலவு கூடியதைப் பொருளாளர் தம் கணக்கில் விளக்குவார்.

பொங்கலுக்குப் பின் இரண்டு நாள் நடந்த கண்காட்சியில், எடுத்தவர்களே தத்தம் படத்தருகே நாற்காலி போட்டு அமர்ந்து விளக்கம் சொன்னார்கள். ஒரு படம் மட்டும் வைக்கப்படவில்லை. ஆக்சிஜன் குழாயுடன் மனைவி படுத்திருந்த நிலையில் 2021 மே மாதம் எடுத்ததை உறுப்பினர் மனமுவந்து கொடுத்தபோதும், பிள்ளைகள் சம்மதிக்கவில்லை. படத்தில் இருப்பவரிடம் இனி அனுமதி கேட்க இயலாது என்பதால் செயற்குழு அதை உறையிலிட்டு, சங்க பீரோவில் வைத்துள்ளது. அதைப் பற்றிய முடிவு அக்குடும்பத்தாருடையது.

உறுப்பினர்கள் பேசியவற்றின் ஒலிப்பதிவுகள் இன்னும் எழுத்தில் ஏறவில்லை. பேச்சுவழக்கைத் திருத்தாமல் எழுதித் தர முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.