கார்புரேட்டரை மாற்றும் முன் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுப்பித்த பழைய அமெரிக்க வி-8 எஞ்சினில் குதிரைத்திறனைக் கூட்டுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். பெரிய கார்புரேட்டர் மாட்டுங்கள், ரேஸ் கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட்) போடுங்கள் என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிசையில் செலவு செய்தால் பணமும் போகும், இருக்கிற இழுவையும் குறையும். எல்லா வி-8க்கும் ஒரே கணக்கு பொருந்தாது. அதனால் 1967 கமாரோவில் அறிமுகமாகி, இன்றும் பழைய கார்களில் அதிகம் கைக்குக் கிடைக்கும் செவ்ரோலெட் 350 (கன அங்குலம்) எஞ்சினை வைத்தே எழுதுகிறோம். சிலிண்டரின் விட்டம் (போர்) 4 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் (ஸ்ட்ரோக்) 3.48 அங்குலம்.

1969 கமாரோவில் 300 குதிரைத்திறன் என்று விற்ற இந்த எஞ்சின், 1975-ல் இரட்டை பேரல் கார்புரேட்டரோடு 145 என்று விற்றது. இதைப் பார்த்துவிட்டுப் பாதித் திறன் காணாமல் போனதாகப் பலர் நினைக்கிறார்கள். முதலில், அளந்த முறையே வேறு. 1971 வரை விளம்பரத்தில் வந்தது கிராஸ் கணக்கு: ஃபேன், ஏர் கிளீனர், சைலன்ஸர் எதுவும் இல்லாமல் எஞ்சினை மட்டும் ஸ்டாண்டில் ஓட்டி எடுத்தது. 1972 முதல் நெட் கணக்கு, அதாவது காரில் உள்ளபடி எல்லாவற்றையும் மாட்டி எடுத்தது. ஆனால் உண்மையான இழப்பும் உண்டு. ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனை, அதாவது கலவை எத்தனை மடங்கு இறுக்கப்படுகிறது என்ற விகிதத்தை, குறைத்தது. சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டுகளில், எரியறை 76 சிசி உள்ளவை பரவலாக வந்தன. அந்தக் குறையைச் சரிசெய்வதில்தான் வேலை தொடங்குகிறது.

புதுப்பித்த எஞ்சினில் இதோடு இன்னொரு குறை சேர்ந்துகொள்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். லேத் பட்டறையில் சிலிண்டரை 30 தௌ பெரிதாக்குவார்கள். (ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தௌ.) பிளாக்கின் மேல்முகத்தையும் லேசாகச் சீவிச் சமன் செய்வார்கள். சீவினால் பிஸ்டன் மேலே வந்துவிடுமே என்று, விலை குறைந்த ரீபில்டர் பிஸ்டன்களைத் தயாரிக்கும்போதே 20 தௌ குட்டையாகச் செய்துவிடுகிறார்கள். பிஸ்டன் பின்னின் (pin) மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை 1.56 அங்குலம் இருக்க வேண்டியது 1.54 ஆகிவிடும். மேல்முகத்தைச் சீவாத பிளாக்கில் இதைப் போட்டால், வழக்கமாக உச்சியில் மேல்முகத்துக்கு 25 தௌ கீழே நிற்கும் பிஸ்டன் 45 தௌ கீழே நிற்கும். பிஸ்டன் தலையில் 12 சிசி குழியும் இருந்துவிட்டால் கம்ப்ரெஷன் போன இடம் தெரியாது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 30 தௌ ஓவர்சைஸில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 727 சிசி. எட்டுக்கும் சேர்த்து 355 கன அங்குலம். 39 தௌ கனமுள்ள ஹெட் கேஸ்கெட் 8.4 சிசி. பிஸ்டன் 45 தௌ கீழே நிற்கும் இடம் 9.4 சிசி. பிஸ்டன் குழி 12, எரியறை 76. எல்லாம் கூட்டினால் 105.8 சிசி. 727-ஐ இதால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கம்ப்ரெஷன் 7.9தான். அதே பிளாக்கில் சரியான உயரத்தில், வால்வு வெட்டு மட்டும் 6 சிசி உள்ள தட்டையான பிஸ்டனைப் போட்டு, 64 சிசி ஹெட்டை வைத்தால் 9.7 வரும். கம்ப்ரெஷன் ஒன்று கூடினால் திறன் ஏறத்தாழ 3, 4 சதவீதம் கூடும் என்பது எஞ்சின்காரர்களின் கைக்கணக்கு. அதைவிட, கீழ்வேகத்தில் இழுவை கூடுவதை ஓட்டுகிறவர் முதல் நாளே உணர்வார்.

பிஸ்டன் கீழே நிற்பதால் வேறொரு கேடும் உண்டு. ஹெட்டின் தட்டையான பகுதியும் பிஸ்டனின் தட்டையான பகுதியும் நெருங்கும்போதுதான் நடுவிலிருக்கும் கலவை பிளக் பக்கம் பீய்ச்சப்பட்டு வேகமாக எரிகிறது. அந்த இடைவெளி 40 தௌ இருந்தால் நல்லது. மேலே சொன்ன எஞ்சினில் கேஸ்கெட்டும் சேர்த்து 84 தௌ. அங்கே தங்கும் கலவை தானாகப் பற்றிக்கொண்டு தட்டத் தொடங்கும். கம்ப்ரெஷன் குறைவாக இருந்தும் எஞ்சின் நாக் ஆகிறதே என்று குழம்புகிறவர்கள் இங்கேதான் பார்க்க வேண்டும். பிளாக் முகமும் இரும்பு ஹெட் முகமும் தட்டையாக இருந்தால், 15 தௌ ஸ்டீல் கேஸ்கெட் போட்டு 25 தௌ கீழே நிற்கும் பிஸ்டனோடு 40 தௌ இடைவெளியைப் பெறலாம். தட்டையான பிஸ்டனும் 76 சிசி ஹெட்டும் உள்ளவருக்கு அப்போதே 9.0 வந்துவிடும். செலவு ஒரு செட் கேஸ்கெட். 64 சிசி ஹெட்டுக்கு இதே கேஸ்கெட்டைப் போட்டால் 10.3 ஆகிவிடும். சாந்தமான கேமோடு இரும்பு ஹெட்டில் அது அதிகம். அங்கே 28 தௌவைவிட மெல்லிய கேஸ்கெட் வேண்டாம்.

அளப்பது கடினமில்லை. பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து டயல் கேஜை வையுங்கள். பிஸ்டன் பின்னின் கோட்டுக்கு நேர்மேலே அளக்க வேண்டும், ஓரத்தில் அளந்தால் பிஸ்டன் சாய்ந்து பொய் சொல்லும். பிளாக்கின் நான்கு மூலைச் சிலிண்டர்களையும் பாருங்கள், மேல்முகம் ஒரு பக்கம் சரிந்திருப்பது சகஜம். எரியறைக்கு, பிளக்கையும் வால்வுகளையும் மாட்டி, விளிம்பில் மெல்ல கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட கண்ணாடி பிளாஸ்டிக் தகட்டை ஒட்டி, பியூரெட்டிலிருந்து நிறம் கலந்த ஸ்பிரிட்டை விட்டு நிரப்பினால் சிசி கையில் கிடைக்கும். கேட்லாக்கில் 76 என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

ஹெட்டை மாற்றுவதென்றால், 1996 முதல் செவ்ரோலெட் டிரக்குகளில் வந்த வோர்டெக் இரும்பு ஹெட்டுக்கு அந்த விலையில் ஈடில்லை. வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 906 அல்லது 062 என்றிருக்கும், எரியறை 64 சிசி. ஆனால் பழைய ஹெட்டைக் கழற்றிய இடத்தில் அப்படியே தூக்கி வைத்துவிட முடியாது. பழைய இன்டேக் மேனிஃபோல்டு 12 போல்ட், இதற்கு 8 போல்ட் மேனிஃபோல்டு தனியாக வாங்க வேண்டும். அந்தப் போல்ட்டுகளுக்கு 11 அடி-பவுண்டு போதும், பழைய பழக்கத்தில் 30 கொடுத்தால் வம்பு. புகைபோக்குச் சூடு மேனிஃபோல்டுக்கு வரும் வழி இதில் இல்லாததால் மின்சார சோக் வேண்டும். ராக்கர் தானே நேராக நிற்கும் வகை, அதோடு கைடு பிளேட்டையும் சேர்த்துப் போட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எல்லாவற்றிலும் முக்கியமானது, வால்வு லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) 470 தௌவைத் தொட்டால் ஸ்பிரிங் ரிட்டெய்னர் வால்வு கைடில் இடிக்கும். கேம் வாங்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள்தான் அதிகம்.

கேமில் ஆசை பெரிது, காரணம் சத்தம். சிக்னலில் கார் குலுங்கி நிற்கும் அந்தத் துடிப்பு எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் பெரிய கேமில் இன்டேக் வால்வு தாமதமாக மூடுவதால், மெதுவாக ஓடும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போகிறது. கீழ்வேக இழுவை அங்கே செத்துவிடும். ஐடிலிங்கில் 18, 20 அங்குலம் (பாதரச அளவு) இருந்த வேக்குவம் 10-க்கு இறங்கினால் பவர் பிரேக் மரத்துப்போகும், இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஆட்டோமேட்டிக் கியரில் பழைய டார்க் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு கியர் போட்டால் எஞ்சின் நின்றுவிடும். சாலையில் ஓட்டும் 355-க்கு, 50 தௌ லிஃப்ட்டில் அளந்து, வால்வு திறந்திருக்கும் அளவு இன்டேக் 218, எக்ஸாஸ்ட் 224 டிகிரி உள்ள கேம் போதும். டைமிங் செயினின் புள்ளிகளைச் சேர்த்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். டிகிரி வீல் வைத்துப் பார்த்தால் 4 டிகிரி தள்ளி நிற்கும் கேம்கள் எத்தனையோ.

கார்புரேட்டருக்கு வருவோம். கன அங்குலத்தை உச்ச ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுக்க வேண்டும். 355-ஐ 5500-ஆல் பெருக்கி வகுத்தால் 565. சாலை எஞ்சின் அதில் 85 சதவீதம்தான் மூச்சிழுக்கும், ஆக 480 சிஎஃப்எம் (நிமிடத்துக்குக் கன அடி காற்று). 600 சிஎஃப்எம் கார்புரேட்டரே தாராளம். கட்டுரையில் பரிந்துரைத்த 850-ஐ வைத்தால் வென்சுரியில் காற்றின் வேகம் விழும், பெட்ரோல் பொடியாகாமல் துளியாக இறங்கும், மிதித்ததும் ஒரு கணம் எஞ்சின் திக்கும். ஹோலி கம்பெனி வகை கார்புரேட்டரில், வேக்குவம் விழும்போது கூடுதல் பெட்ரோல் விடும் பவர் வால்வின் எண் ஐடிலிங் வேக்குவத்தில் பாதியாக இருக்கட்டும். முழுத் திராட்டிலில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5-க்கும் 13-க்கும் நடுவில் வரும்படி ஜெட்டை மாற்றுங்கள்.

பைசா செலவில்லாமல் கிடைக்கும் திறன் டைமிங்கில், அதாவது பிளக் எப்போது பொறி விடுகிறது என்பதில், இருக்கிறது. அதற்கு முன் கிராங்கின் முன்னே உள்ள, அதிர்வைத் தணிக்கும் டாம்ப்பரைச் சந்தேகப்படுங்கள். அதன் வெளிவளையம் ரப்பரால் ஒட்டியது, 50 வருடத்தில் நழுவியிருக்கும். பூஜ்யக் கோடே தவறான இடத்தில் நின்றால் டைமிங் லைட் காட்டுவதெல்லாம் தவறு. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகுங்கள். கிராங்கைக் கையால் ஒரு பக்கம் மெல்லச் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு கோடு, மறுபக்கம் சுற்றி முட்டும் இடத்தில் ஒரு கோடு. இரண்டுக்கும் நடு மையம்தான் உண்மையான உச்சி. 8 அங்குல டாம்ப்பரில் அங்கிருந்து, சுழலும் திசைக்கு முன்பக்கமாக 2.5 அங்குலம் அளந்தால் 36 டிகிரி. அங்கே வெள்ளைக் கோடு போடுங்கள். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, எஞ்சினை 3000 ஆர்பிஎம் வரை ரேஸ் செய்து, கோடு இனி நகராது என்ற இடத்தில் அந்த வெள்ளைக் கோட்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பழைய ஹெட்டுக்கு 34 முதல் 36, வோர்டெக்குக்கு 32 டிகிரி போதும். அதன் எரியறை வேகமாக எரிக்கும். மேட்டில் இழுக்கும்போது தட்டினால் 2 டிகிரி குறையுங்கள். ஃபயரிங் ஆர்டர் 1-8-4-3-6-5-7-2. அடுத்தடுத்து எரியும் 5, 7 ஒயர்களை ஒட்டி ஓடவிடக் கூடாது, ஒன்றின் பொறி மற்றதில் தாவும்.

பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்க பெட்ரோல் பங்கில் ஆக்டேன் 91 என்று எழுதியிருப்பதும் இந்திய பெட்ரோல் பங்கில் 91 என்று எழுதியிருப்பதும் ஒன்றல்ல, அளவுகோல் வேறு. இந்தியாவின் 91, அமெரிக்காவின் 87-க்குச் சமம். 9.7 கம்ப்ரெஷன் எஞ்சினுக்கு அமெரிக்க 91-க்குக் குறையாமல் வேண்டும், அதாவது இந்தியக் கணக்கில் 95.

எக்ஸாஸ்ட்டுக்கு 1⅝ அங்குல ஹெட்டரும் இரண்டரை அங்குல இரட்டைக் குழாயும் பொருத்தம். இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் ஃப்ளைவீலில் 330, 350 குதிரைத்திறன் என்பது எட்டக்கூடியதே.

கடைசியாக, கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லாத விஷயம். பழைய தட்டை டாப்பெட் (கேம் மேட்டின் மேல் உட்கார்ந்து வால்வைத் தூக்கும் உருளை) கேம் முதல் அரைமணி நேரத்தில்தான் பிழைக்கும் அல்லது சாகும். கேம் மேட்டில் மெல்லிய சரிவும், டாப்பெட் அடியில் மெல்லிய குவிவும் இருப்பதால்தான் டாப்பெட் சுழல்கிறது. சுழலாதது மேட்டைத் தின்றுவிடும். மாட்டும்போது ஒவ்வொரு மேட்டிலும் மாலிப்டினம் பேஸ்ட் தடவுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டரை மாட்டும் முன், டிரில்லில் பிரைமிங் கம்பியைப் பொருத்தி ஆயில் பம்ப்பைச் சுற்றுங்கள். கிராங்கையும் இடையிடையே திருப்பி, 16 ராக்கரிலும் எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்றைய கார்களுக்கான ஆயிலில் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மானம் குறைவு, பிரேக்-இன் ஆயில் என்றே கேட்டு வாங்குங்கள். டைமிங்கையும் கார்புரேட்டர் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோலையும் முன்கூட்டியே சரிசெய்து வைத்தால் ஒரே கிராங்கில் பற்றும். பற்றியதும் ஐடிலிங்கில் விடாதீர்கள். 2000-க்கும் 2500-க்கும் நடுவே ஏற்றி இறக்கி 20, 30 நிமிடம் ஓட்டுங்கள். கேமுக்கு எண்ணெய் கிராங்க் தெறிப்பதிலிருந்துதான் போகிறது, ஐடிலிங்கில் அந்தத் தெறிப்பு போதாது. கூலன்ட் ஒழுகினால் எஞ்சினை நிறுத்திச் சரிசெய்து, மறுபடி நேரே 2000-க்குப் போங்கள்.

பிறகு ஆயிலைச் சூட்டோடு வடித்து, ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். கொஞ்சம் சாம்பல் நிறப் பேஸ்ட் இருந்தால் கவலை வேண்டாம். காந்தத்தில் ஒட்டும் மினுமினுப்பு இருந்தால் ஏதோ ஒரு மேடு தேய்ந்துகொண்டிருக்கிறது. அந்தத் தூள் பேரிங்குகளில் புகும் முன் இன்டேக்கைக் கழற்றி டாப்பெட்டுகளை வெளியே எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய எஞ்சின் வேலை செய்யும் வாசகர்கள்