கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்

இளையோருக்கான ஃபேன்டசி நாவல்களை வெளியிடும் பதிப்பாசிரியர்களுக்கு,

வணக்கம். 14 வயதில் விழுந்து விழுந்து படித்த ஒரு நாவலைப் போன மாதம் மறுபடி கையில் எடுத்தேன். பழைய எகிப்தையும் மத்திய அமெரிக்காவின் மாயா மக்களுடைய நகரங்களையும் கலந்து உருவாக்கிய கற்பனை உலகம் அது. பெயரைச் சொல்லப்போவதில்லை, நான் சொல்ல வரும் குறை அந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் உரியதல்ல.

கதை இன்னும் இழுக்கிறது. இறந்தவரின் இதயத்தைத் தராசில் வைக்கும் காட்சியில் அன்று போலவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாயகி துணிச்சல்காரி, அதனால் அவள் தட்டு இறங்கவில்லை. இதை ஆசிரியரின் கற்பனை என்றே சிறுவயதில் நினைத்தேன். எகிப்தியர்கள் உண்மையாகவே நம்பிய தீர்ப்பு இது என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு தட்டில் இதயம், மறுதட்டில் மாஅத் என்ற நீதித் தெய்வத்தின் இறகு, தோற்றவரின் இதயத்தை விழுங்கக் காத்திருக்கும் அம்மிட் என்ற அரக்கி. தன் இதயமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடக் கூடாது என்று மன்றாடும் மந்திரத்தை வண்டு வடிவக் கல்லில் பொறித்து மம்மியின் மார்பில் வைத்தார்கள். நாவலில் வரும் எந்த மந்திரமும் இதற்கு ஈடாகாது. அன்றே யாராவது இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஏக்கமாக இருந்தது.

எகிப்தில் நான் தவறவிட்டது ஓர் அழகை மட்டும்தான். மாயா பகுதியில் தப்பாகவே ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நாவலில் அந்த மக்கள் சுவடில்லாமல் மறைந்துபோகிறார்கள். கதைக்கு அது தேவை, சரி. நான் அதை வரலாறு என்று நம்பி வளர்ந்தேன். மாயா மக்களின் தெற்குத் தாழ்நிலத்துப் பெருநகரங்கள் 9-ஆம் நூற்றாண்டையொட்டிச் சரிந்தது உண்மை. ஆனால் மக்கள் அழிந்துவிடவில்லை. குவாத்தமாலாவிலும் தெற்கு மெக்சிகோவிலும் இன்றும் பல லட்சம் பேர் மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி இந்த நாவலைத் திறந்தால், தன் இனமே எப்போதோ முடிந்துபோனதாக அல்லவா படிப்பாள்? இந்த நினைப்பு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். மறுபடி திறக்க இரண்டு நாள் ஆயிற்று.

நாவலில் ஒரு நூலகமும் எரிகிறது. தீ வைப்பவன் மந்திரவாதி. நிஜத்தில் 1562-இல், மெக்சிகோவின் யுகாத்தான் பகுதியில் உள்ள மானி என்ற ஊரில் மாயா நூல்களைக் கொளுத்தியவர் தியேகோ தே லாண்டா என்ற ஸ்பானியத் துறவி. மக்கள் அதற்காக எவ்வளவு துடித்தார்கள் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். இன்று எஞ்சியிருப்பவை நான்கே சுவடிகள். ஆனால் அதே லாண்டா குறித்துவைத்த எழுத்துப் பட்டியல்தான், 1952-இல் யூரி க்னோரோசோவ் என்ற சோவியத் ஆய்வாளர் மாயா எழுத்துகளைப் படிக்க வழி கண்டபோது அவருக்குக் கைகொடுத்தது! இதைக் கேட்டால் எந்தப் பிள்ளை சும்மா இருக்கும்?

எழுத்தாளர்கள் கலக்கட்டும், மாற்றட்டும், புதிதாகத் தெய்வங்களையே படைக்கட்டும். நான் கேட்பது புத்தகத்தின் கடைசியில் இரண்டு பக்கம். எது எந்த மக்களிடமிருந்து வந்தது, ஆசிரியர் எதை மாற்றினார், அந்த மக்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று எழுதினால் போதும். அடுத்த பாகத்தின் முதல் அத்தியாயத்தை விளம்பரமாகச் சேர்க்க இடம் இருக்கிறதே, இதற்கும் இருக்கும். அப்புறம், அச்சுக்குப் போகும் முன் அந்தப் பண்பாட்டைச் சேர்ந்த ஒருவரிடம் பிரதியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். அந்த வேலைக்கு உரிய ஊதியமும் கொடுங்கள்.

என் அக்கா மகளுக்கு இந்த வருடம் 14 வயது. நாவலைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பின்னால் இருந்த வெற்றுத் தாளில் மேலே சொன்னதையெல்லாம் என் கையால் எழுதி நேற்றுக் கொடுத்தேன். இடம் போதாமல் அட்டையின் உள்பக்கத்திலும் எழுத வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
உங்கள் வாசகி