விழுந்த பொருளும் விலைக்கு வாங்கிய பொருளும்

ஆசிரியருக்கு,

சிறுவர்களின் வீடியோ கேம் பழக்கம் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை எல்லா கேம்களையும் ஒரே தராசில் நிறுத்துவிட்டது. அரக்கர்களைக் கொன்று, அவர்களிடமிருந்து விழும் ஆயுதம், கவசங்களைச் சேர்க்கும் 'டயாப்லோ' வகை கேம்களை இருபது வருடமாக ஆடுகிறவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

2004-ல் திண்டுக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டரில் 'டயாப்லோ 2' ஆட ஆரம்பித்தேன். அரக்கன் செத்தால் பொருள் விழும். பெயர் நீலத்தில் இருந்தால் மந்திரப் பொருள், மஞ்சள் அரியது, பச்சை 'செட்' (ஒரு தொகுப்பைச் சேர்ந்தது), பொன்னிறம் 'யுனிக்' (தனிப்பெயர் கொண்ட அபூர்வப் பொருள்). மோதிரம் விழும்போது ஒரு 'டிங்' கேட்கும். பக்கத்து சீட்டுக்காரனும் எட்டிப் பார்ப்பான்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது சாம்பல் நிறப் பெயர்தான். துளை போட்ட வெறும் தோல் கவசம், யாரும் குனிந்து எடுக்காதது. 2001-ல் அந்த கேமுக்கு வந்த விரிவாக்கம், துளைகளில் பதிக்கும் 33 மந்திரக் கற்களை, அதாவது ரூன்களைக் கொண்டுவந்தது. இரண்டு துளைக் கவசத்தில் முதலில் 'தால்' என்ற ரூன், அடுத்து 'எத்' என்ற ரூன் பதித்தால் அது 'ஸ்டெல்த்' என்ற சக்திக் கவசம் ஆகிவிடும். ஓட்டமும் வேகம், மந்திரமும் வேகம். வரிசை மாறினால் பலிக்காது. நீலக் கவசத்திலும் பலிக்காது. குப்பைக்கு மதிப்பு வந்த இடம் அது. தால் எனக்கு முதல் வாரமே கிடைத்தது, எத்துக்குப் பதினொரு நாள் அலைந்தேன். பிறகு நல்ல கவசங்கள் எத்தனையோ வந்தும் அதை விற்கவே இல்லை.

2012 மே மாதம் வந்த 'டயாப்லோ 3'-ல், ஆடுகிறவர்கள் தங்களுக்கு விழுந்த பொருளை மற்றவர்களுக்கு விற்க ஏலச் சந்தை வைத்தார்கள். அடுத்த மாதமே நிஜப் பணத்துக்கும் விற்பனை. ஊரார் எல்லாருக்கும் விழுந்தது ஒரே இடத்தில் குவிந்தால், நம் காலடியில் விழுவதைவிட நல்லது அங்கே எப்போதும் இருக்கும். அப்புறம் அரக்கனை எதற்குக் கொல்வது? தயாரித்தவர்களே இதை ஒப்புக்கொண்டு, 2014 மார்ச் 18 அன்று சந்தையை மூடினார்கள். அதற்கு முந்தைய மாதமே பொருள் விழும் முறையை மாற்றியிருந்தார்கள்: எண்ணிக்கை குறைவு, தரம் அதிகம், பெரும்பாலும் ஆடுகிற வீரனுக்குப் பொருந்துவது. பணம் கொட்டும் கடையைத் தானே இழுத்து மூட மனசு வேண்டும்.

ஒன்பதாவது படிக்கும் என் அக்கா மகன் கைபேசியில் ஆடிய கேமில் அரக்கனே வேண்டாம். 79 ரூபாய் கட்டினால் பெட்டி திறக்கும்; உள்ளே என்ன இருக்கும் என்பது அதிர்ஷ்டம். கட்டுரையாளர் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான். இப்படிப்பட்ட பெட்டிகளில் எதற்கு எத்தனை சதவீத வாய்ப்பு என்று வெளியிட வேண்டும் எனச் சீனா 2017 மே முதல் கட்டாயமாக்கியது. பெல்ஜியம் 2018-ல் இவற்றில் பலவற்றைச் சூதாட்டம் என்றே அறிவித்தது.

தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் கேம் விமர்சனம் வரும்போது, பொருள் ஆடிக் கிடைக்கிறதா, காசுக்குக் கிடைக்கிறதா என்று ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். படங்கள் எவ்வளவு அழகு என்பதைவிடப் பெற்றோருக்கு அதுதான் தேவை.

அக்கா மகனுக்கு இப்போது என் பழைய கணினியில் 'டயாப்லோ 2' போட்டுக் கொடுத்திருக்கிறேன். நேற்று தால் விழுந்ததாம். இரண்டு துளைக் கவசத்தை வைத்துக்கொண்டு எத்துக்காகக் காத்திருக்கிறான்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திண்டுக்கல்.