மூக்குக்குச் சிக்காத புகை: கல்லூரி விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கல்லூரி விடுதிகளின் காப்பாளர்களுக்கும் துணைக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

அடுத்த கல்வியாண்டுக்கான விடுதி விதிகள் அச்சுக்குப் போகும் முன் இந்த மடல் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று விரும்புகிறோம். அந்த விதிகளில் "வளாகத்தில் புகைபிடிக்கக் கூடாது" என்று ஒரு வரி நிச்சயம் இருக்கும். வேப், அதாவது பேட்டரியில் இயங்கும் மின்னணு சிகரெட், வைத்திருக்கும் மாணவரை அந்த வரி கட்டுப்படுத்தாது. "சார், இது புகையே இல்லை, வெறும் ஆவி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்.

சிகரெட்டுக்கு நம் ஊரில் எழுதாத ஒழுங்கு ஒன்று உண்டு. தம் அடிப்பவர் டீக்கடை ஓரமாக ஒதுங்கி நிற்பார். வாத்தியார் வருவது தெரிந்தால் கீழே போட்டு மிதிப்பார். வீட்டுக்குள் நுழையும் முன் வாயைக் கொப்பளிப்பார். கைக்குழந்தை இருக்கும் அறையில் பற்றவைக்க மாட்டார். நாற்றமும் நெருப்பும் சாம்பலும் சேர்ந்து கற்றுக்கொடுத்த மரியாதை இது. வேப்பில் அந்த மூன்றும் இல்லாததால் மரியாதையும் வரவில்லை. நான்கு பேர் படுக்கும் அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, போர்வைக்குள்ளேயே இழுக்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்கும் பழக்கம்கூட உருவாகவில்லை.

சிகரெட்டுக்கு ஒரு முடிவும் உண்டு. ஐந்து நிமிடத்தில் பஞ்சு வரை எரிந்து தீர்ந்துவிடும். அடுத்ததற்கு எழுந்து வெளியே போக வேண்டும். வேப்புக்கு அந்த எல்லை கிடையாது. படிக்கும்போது ஒரு இழுப்பு, குளியலறையில் இரண்டு, தூக்கம் வராத நடுராத்திரியில் நான்கு என்று நாள் முழுக்க நீளும். எவ்வளவு ஆனது என்று இழுப்பவருக்கே தெரியாது. எங்களுக்குப் பெரிய கவலை இதுதான்.

கருவியின் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொண்டால் மாணவரிடம் தடுமாறாமல் பேசலாம். ஒரு லித்தியம் பேட்டரி, காற்று இழுக்கப்படுவதை உணரும் சிறு சென்சார், மெல்லிய கம்பிச் சுருள், அதைச் சுற்றித் திரவத்தில் ஊறிய பஞ்சு. அவ்வளவுதான். வாயில் வைத்து இழுத்ததும் சென்சார் பேட்டரியைச் சுருளோடு இணைக்கும். சுருள் ஏறத்தாழ 200 முதல் 250 டிகிரி வரை சூடேறும். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், நிக்கோட்டின், மணமூட்டி கலந்த திரவம் நுண்துளிகளாகக் கிளம்பும். இட்லிப் பானையிலிருந்து வரும் நீராவியோடு இதை ஒப்பிடவே கூடாது. திரவம் வற்றிப் பஞ்சு காய்ந்த பிறகும் இழுத்தால் சூடு தாறுமாறாக ஏறி, தொண்டையைக் கிழிக்கிற கருகல் சுவை வரும். அந்தச் சமயத்தில் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுகள் கூடுதலாக உருவாகின்றன.

உறையில் 5 சதவீதம் என்று போட்டிருந்தால் மில்லிலிட்டருக்கு 50 மி.கி. நிக்கோட்டின் என்று பொருள். 2 மி.லி. கொள்ளும் சிறு குப்பியில் 100 மி.கி. இருக்கும். ஒரு சிகரெட்டிலிருந்து உடலில் சேர்வது சுமார் 1 முதல் 1.5 மி.கி. குப்பியில் இருப்பது முழுவதும் ரத்தத்தில் சேராது என்றாலும் கணக்கின் போக்கு புரியும். இவ்வளவு நிக்கோட்டினைப் பழைய வகைத் திரவத்தில் இழுத்தால் தொண்டை எரிந்து இருமல் வந்துவிடும். இப்போது பென்சாயிக் அமிலம் சேர்த்து உப்பு வடிவில் தருவதால் எரிச்சல் தெரிவதில்லை. மாம்பழ மணத்தில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.

"சிகரெட்டைவிட வேப் மோசம்" என்று மட்டும் மாணவர்களிடம் சொல்லாதீர்கள். சிகரெட்டின் நுனி 900 டிகிரியில் எரிகிறது. தாரும் கார்பன் மோனாக்சைடும் அங்கிருந்துதான் வருகின்றன. வேப்பில் எரிதல் இல்லை. பிரிட்டனின் பொது சுகாதாரத் துறை, சிகரெட்டை விட முயலும் பெரியவர்களுக்கு இதை ஒரு வழியாகவே பரிந்துரைக்கிறது. மாணவர்கள் இதையெல்லாம் படித்திருப்பார்கள். நீங்கள் மிகைப்படுத்தினால் பிறகு எதைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அந்த ஒப்பீடு ஏற்கெனவே புகைப்பவருக்கு மட்டுமே பொருந்தும், சிகரெட்டையே தொடாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதில் வரவு எதுவும் இல்லை, அடிமைத்தனம் மட்டுமே மிச்சம் என்று சொல்லுங்கள். அது உண்மை. இங்கே கிடைப்பது கள்ளச் சந்தைச் சரக்கு, உள்ளே என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று யாரும் சோதித்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்களுக்குத் திடீர் நுரையீரல் பாதிப்பு வந்து, 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

சட்டத்தில் சிகரெட்டும் வேப்பும் வேறு வேறு. 2003ஆம் ஆண்டுச் சட்டம் பொது இடத்தில் புகையிலை புகைப்பதைத் தடுக்கிறது. அபராதம் 200 ரூபாய் வரை. வேப்புக்கு 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம். தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இழுப்பவருக்கென்று அதில் தனித் தண்டனைப் பிரிவு இல்லை. ஆனால் தன் பொறுப்பில் உள்ள இடத்தில் சரக்கைச் சேமிக்கத் தெரிந்தே இடம் கொடுப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. பறிமுதல் செய்த கருவிகளை ஆண்டுக்கணக்கில் அலுவலக மேசை இழுப்பறையில் குவித்து வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த இழுப்பறை வேறு வகையிலும் ஆபத்தானது. கசிந்த திரவம் சென்சாரில் படிந்தால் யாரும் இழுக்காமலே சுருள் சூடேறலாம். குப்பியைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கருவியையும் தனித்தனிப் பையில் போட்டு, வெயில் படாத இடத்தில் வைத்து, சில நாட்களுக்குள் எழுத்து மூலம் காவல் நிலையத்தில் ஒப்படையுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். லாரியில் நசுங்கினால் பேட்டரி தீப்பிடிக்கும். திரவம் கையில் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள், நிக்கோட்டின் தோல் வழியாகவும் உள்ளே போகும்.

ஆய்வுக்குப் போகும்போது மூக்கை நம்பாதீர்கள். கூரையில் உள்ள புகை உணர்வியைப் பாருங்கள். அதன் உள்ளறையில் ஓர் ஒளிக்கதிர் இருக்கிறது; துகள்கள் புகுந்து ஒளி சிதறினால் மணி அடிக்கும். வேப்பின் நுண்துளிகளும் ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் அதன் மேல் பிளாஸ்டிக் உறையை மாட்டி ரப்பர் பேண்டு போட்டுவிடுகிறார்கள். ஒரு மாணவர் வேப் இழுப்பதைவிட அந்த உறைதான் முழு மாடிக்கும் ஆபத்து. விதியில் அதைத் தனிக் குற்றமாக எழுதுங்கள். தண்டனையும் அதற்கே கூடுதலாக இருக்கட்டும்.

விதியின் வரி இப்படி இருக்கலாம்: "சிகரெட், பீடி, வேப், மின் ஹூக்கா எதையும் அறை, குளியலறை, மாடிப்படி, மொட்டைமாடி உட்பட விடுதியின் எந்தப் பகுதியிலும் பயன்படுத்தவோ வைத்திருக்கவோ கூடாது." ஆவியா புகையா என்ற வாதத்துக்கு இதில் இடமில்லை. அறைத்தோழரின் உரிமைக்கும் ஒரு வரி சேருங்கள். வேப் கருவி, சிகரெட் போல இழுப்புக்கு இடையில் தானாகப் புகைந்துகொண்டிருக்காது. வெளியே விடும் மூச்சு மட்டும்தான் அறைக்குள் வரும், சீக்கிரம் கலைந்தும் போகும். ஆனாலும் மூடிய அறையில் நிக்கோட்டின் தலையணையிலும் மேசையிலும் படியும். ஆஸ்துமா உள்ள பிள்ளை, காட்டிக்கொடுத்த பெயர் வராமல் அறை மாற்றம் கேட்க ஒரு வழி வேண்டும்.

பிடிபட்டவரிடம் முதலில் கேட்க வேண்டியது, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் இழுப்பு என்பதுதான். ஐந்து நிமிடத்துக்குள் என்றால் பிடிப்பு கடுமையானது, கண்டிப்பு மட்டும் போதாது. நிறுத்தியபின் எரிச்சலும் கவனச் சிதறலும் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம் தொட்டு, மூன்று நான்கு வாரத்தில் தணியும். தேர்வு வாரத்தில் கருவியைப் பிடுங்கிவிட்டு அப்படியே விட்டால் இடைவெளியில் சிகரெட்டுக்குப் போய்விடுவார். மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் எழுதிக்கொடுத்தால் அதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுங்கள்: சுள்ளென்று சுவை வரும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைக்க வேண்டும். சுவை அடங்கியதும் மீண்டும் மெல்லலாம். காபியோ பழச்சாறோ குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. "சூயிங்கம் வேலை செய்யவில்லை" என்று பலர் கைவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தேசியப் புகையிலை மீட்பு உதவி எண் 1800 112 356, கட்டணம் இல்லை. அதை அறிவிப்புப் பலகையில் மட்டும் ஒட்டாமல் குளியலறைக் கதவின் உட்புறமும் ஒட்டுங்கள். யாரும் பார்க்காமல் எண்ணைக் குறித்துக்கொள்ள விடுதியில் வேறு இடம் இல்லை.

இப்படிக்கு,
புகையிலை மீட்பு ஆலோசனையிலும் கட்டடத் தீப் பாதுகாப்பிலும் பணிபுரிவோர்