மாத்திரைச் சீட்டில் பயிற்சியையும் எழுதுங்கள்

மதிப்புக்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம். தோள் வலிக்காகப் போன வாரம் உங்களில் ஒருவரைப் பார்க்க வந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்தது. “இந்த வயதில் இப்படித்தான் இருக்கும், கனம் எதுவும் தூக்காதீர்கள்” என்று சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இதே பதிலை முன்பும் கேட்டிருக்கிறேன், என் வயதுத் தோழிகளும் கேட்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதையும், தசையும் எலும்பும் பலம் இழப்பதையும் நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் எங்கள் காலை நேரத்தை நீங்கள் பார்ப்பதில்லை. படுக்கையை விட்டு இறங்கினால் பாதத்தை ஊன்ற முடியாது. சுவரைப் பிடித்து நாலு எட்டு வைத்த பிறகுதான் முட்டி மடங்கும். விரல்களை மடக்கி ஒரு டம்ளரைப் பிடிக்கவே நேரமாகும். அப்புறம் இறுக்கம் தளர்ந்துவிடும், உங்கள் அறைக்குள் நன்றாகவே நடந்து வருவேன். கை மட்டும் தலைக்கு மேல் போகாது. தலை வார மகளைக் கூப்பிடுகிறேன். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை.

கனம் தூக்காதே என்கிறீர்கள். பேரக்குழந்தையை யார் தூக்குவது? படுக்கையில் இருக்கும் மாமியாரை யார் புரட்டிப் படுக்க வைப்பது? எப்படியும் தூக்கத்தான் போகிறோம். முறையாகத் தூக்கப் பழக்கச் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாரத்தில் 2 நாளாவது முக்கியமான தசைகள் எல்லாவற்றுக்கும் வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-லேயே சொல்லிவிட்டது. ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் வாரம் 2 முறை, 30 நிமிடம், 8 மாதம் கனமான எடைகளைத் தூக்கினார்கள். கண்காணிப்போடுதான். கீழ் முதுகெலும்பின் அடர்த்தி கூடியது. அது எலும்பைப் பற்றிய ஆய்வு. பயிற்சி எல்லா வலியையும் போக்கிவிடும் என்று நானும் சொல்லவில்லை. இறுகிப்போன தோளுக்கு முதலில் வேறு சிகிச்சை தேவைப்படலாம், ஹார்மோன் சிகிச்சை யாருக்குப் பொருந்தும் என்பதும் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் தொடைத் தசை பலமானால் முட்டிக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை நீங்களே படித்திருக்கிறீர்களே, ஏன் எங்களிடம் சொல்வதில்லை?

“நடங்கள்” என்பீர்கள். நடக்கிறேன். நடந்தால் தோளுக்கும் முதுகுக்கும் பலம் வந்துவிடாது. சரி என்று ஜிம்முக்குப் போனால், உடம்பைக் குறைக்கத்தானே வந்தீர்கள் என்று கேட்டு டிரெட்மில்லில் ஏற்றிவிடுகிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்குப் பலம் தேவைப்படும் என்பது அங்கேயும் யாருக்கும் தோன்றவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்தால் அங்கே எங்கள் பேச்சு எடுபடும்.

ஆகவே பணிவோடு கேட்கிறேன். மாத்திரைக்குக் கீழே பயிற்சியையும் எழுதுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எத்தனை முறை, எந்த எடையில் தொடங்குவது, எப்போது கூட்டுவது, எப்படிப்பட்ட வலி வந்தால் நிறுத்துவது என்று தெளிவாக எழுதுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் பிசியோதெரபிஸ்ட்டிடமாவது அனுப்புங்கள். ரத்த அழுத்தமோ எலும்பு முறிவோ இருப்பவர்கள் எதைச் செய்யக் கூடாது என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
மறுபடியும் உங்களிடம் வரவிருக்கும் ஒரு நோயாளி